கனிமரமும் கணப்பும்

ஒரு மரத்தை எதற்காக நட்டோமோ அந்த ஒரு பிரயோஜனத்தோடு அதன் உபயோகம் முடிந்துவிடுவதில்லை. கனிக்காகவே நட்டு, கனிக்காகவே ஒட்டுக்கட்டி, கனிக்காகவே ஆண்டுதோறும் கவாத்து செய்து பேணப்படும் ஆப்பிள் மரமும், குளிர்ப் பிரதேசங்களில் பல தலைமுறைகளாக அடுப்புக்கும் கணப்புக்கும் விறகு கொடுத்து வந்திருக்கிறது. அந்த விறகைப் புகழ்ந்து பேசுவோர் பலர். அதன் தணல் நெடுநேரம் நிற்கும் என்பார்கள், புகை மணக்கும் என்பார்கள், அதில் வாட்டிய இறைச்சிக்குத் தனி ருசி உண்டு என்பார்கள். இந்தப் புகழ்ச்சியில் எவ்வளவு உண்மை, அந்த விறகு எங்கிருந்து வருகிறது, அதை எரிப்பதில் என்னென்ன தீங்குகள் மறைந்திருக்கின்றன, அதை நம்பி ஒரு நாட்டார் குளிர்காலத்தைக் கழிக்கலாமா என்னும் கேள்விகளை ஒருசேர வைத்து ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தோட்டத்தை விட்டுவிட்டு விறகை மட்டும் எடைபோடுகிறவர்கள் இந்த விஷயத்தில் பாதியைத்தான் காண்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களை முறையாகச் சொல்லுகிறேன்.

மரத்தின் இயல்பு

எந்த மரத்தின் விறகானாலும், நன்கு உலர்ந்த நிலையில், ஒரு கிலோ எடைக்கு அது தரும் உஷ்ணத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஈரமே இல்லாத ஒரு கிலோ மரம் ஏறத்தாழ 4,500 கிலோகலோரி வெப்பத்தை வெளியிடும் என்று பொதுவாகக் கணக்கிடலாம். பிசின் மிகுந்த மரங்களில் இது சற்றுக் கூடும், அவ்வளவுதான். ஆகையால் ஒரு விறகை 'நல்ல விறகு' என்று ஊரார் சொல்லும்போது அவர்கள் பெரும்பாலும் புகழ்வது அதன் அடர்த்தியையே. ஆப்பிள் மரம் காற்றில் உலர்ந்த பிறகும் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 830 கிலோ எடையுள்ளது. பைன் இனத்து மரங்களில் பல 400 முதல் 500 கிலோவுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரே அளவுள்ள இரண்டு கட்டைகளைக் கணப்பில் இட்டால், பைன் கட்டை பற்றி எரிந்து சாம்பலாகிவிட்ட பிறகும் ஆப்பிள் கட்டை தணலாகக் கனன்றுகொண்டிருப்பதன் ரகசியம் இதுவே. சிறிய அடுப்பில் சிறிய கட்டையை வைத்து இரவு முழுவதும் அறையைச் சூடாக வைத்திருக்க வேண்டிய வீட்டுக்காரருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரிது.

புதிதாக அறுத்த ஆப்பிள் கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் அதன் ஸ்வபாவம் கண்ணுக்கே தெரியும். விளிம்பை ஒட்டிய வெளிறு பாலேட்டின் நிறத்தில் குறுகலாக இருக்க, உள்ளே இருக்கும் வைரம் செம்பழுப்பாகவும், சில மரங்களில் கருஞ்சாயல் ஓடிய கோடுகளுடனும் இருக்கும். வளையங்கள் நெருக்கமானவை, துளைகள் மிக நுண்ணியவையாக மரமெங்கும் சீராகப் பரவியிருப்பதால் விரலால் தடவினால் இழைத்த பலகையைப் போலவே வழவழப்பாக இருக்கும். இந்த இறுக்கமே தணல் நீடிப்பதற்கும் காரணம், தீ எளிதில் பற்றாமைக்கும் காரணம். சுள்ளியும் இலகுவான மரத்துண்டுகளும் கொண்டு முதலில் நெருப்பை வளர்த்து, அது நிலைத்த பிறகே ஆப்பிள் கட்டையை மேலே ஏற்ற வேண்டும். ஆரம்பத்திலேயே பெரிய கட்டையை வைத்துவிட்டு ஊதிக்கொண்டிருப்பவருக்குக் கண்ணெரிச்சல்தான் மிஞ்சும்.

பிளப்பதும் உலர்த்துவதும்

காட்டு மரம் ஒளியைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து நேரான இழையுடைய அடிமரத்தைத் தருகிறது. தோட்டத்து ஆப்பிள் மரத்துக்கோ, பழம் பறிக்க வசதியாக இடுப்பளவிலிருந்தே கிளைவிடும்படி சிறுவயதிலேயே தலை கிள்ளப்பட்டு விடுகிறது. அடியில் ஒட்டுக்கட்டிய இடத்தின் புடைப்பு, அதற்கு மேல் கிளைகள் பிரியும் கவட்டை, ஆண்டுதோறும் கவாத்து செய்த காயங்கள் ஆறிய கணுக்கள் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து அந்தக் குட்டை மரத்தின் இழைகளை முறுக்கிவிடுகின்றன. கோடாலியால் நடுவில் ஓங்கிப் போட்டால் கட்டை இரண்டாகப் பிளந்து விழாது, கோடாலிதான் சிக்கிக்கொள்ளும். அனுபவசாலிகள் கட்டையின் விளிம்பிலிருந்து சிறு சிறு சிராய்களாகப் பிளந்துகொண்டே உள்ளே போவார்கள். கவட்டைத் துண்டுகளுக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும். வெட்டிய சில வாரங்களுக்குள் பசுமையாக இருக்கும்போதே பிளந்துவிடுவது புத்திசாலித்தனம். உலர்ந்து இறுகிய பிறகு இந்த மரத்தோடு மல்லுக்கட்டுவது வீண் சிரமம்.

பசுமையிலேயே பிளக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. பசுமரம் முற்றிலும் உலரும்போது ஆப்பிள் மரம் கன அளவில் 17 சதவீதத்துக்கும் மேலாகச் சுருங்குகிறது. இது மிக அதிகமான சுருக்கம். பட்டையோடு முழு உருளையாக விட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, மேற்பரப்பு மட்டும் உலர்ந்து வெடித்து, உள்ளே பூஞ்சை பிடிக்கும். பிளந்த துண்டுகளைத் தரையில் படாமல் குறுக்குக் கட்டைகளின் மேல் அடுக்கி, மேலே மட்டும் கூரையிட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். சிறு துண்டுகளுக்கு ஒரு முழுக் கோடையும், பருத்த துண்டுகளுக்கு இரண்டு கோடைகளும் தேவைப்படும். முனைகளில் நட்சத்திரம் போல் வெடிப்பு விழுவதும், பட்டை தானே கழன்று வருவதும், இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் மொத்தென்ற ஓசை போய்க் கணீரென்ற ஓசை எழுவதும் உலர்ந்ததற்கு அடையாளங்கள்.

இவ்வளவு பொறுமை எதற்கு என்று கேட்போருக்கு ஒரு சிறு கணக்கு போதும். பச்சை விறகு ஒரு கிலோ எடுத்து, அதில் பாதி எடை தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். மீதி அரைக் கிலோ மரம் 2,250 கிலோகலோரி தரும். ஆனால் அரைக் கிலோ தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்குவதற்கே சுமார் 300 கிலோகலோரி போய்விடும். கையில் மிஞ்சுவது 2,000-க்கும் குறைவு. அதே ஒரு கிலோ விறகில் ஈரம் 20 சதவீதமாகக் குறைந்திருந்தால் ஏறத்தாழ 3,500 கிலோகலோரி கிடைக்கும். நஷ்டம் உஷ்ணத்தோடு நிற்பதில்லை. ஈர விறகு தீயின் வெம்மையைத் தணித்துவிடுவதால் மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் முழுவதும் எரியாமல் புகையாக மேலே போய், புகைபோக்கியின் குளிர்ந்த உட்சுவரில் கீல்போன்ற கறுப்புப் பூச்சாகப் படிகின்றன. அது தடித்துப் பின்னொரு நாள் தீப்பிடித்தால் வீட்டுக்கே ஆபத்து. இங்கிலாந்தில் 2021 மே 1 முதல், சிறு அளவில் விற்கப்படும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்று சட்டமே செய்திருக்கிறார்கள். ஆப்பிள் போன்ற அடர்ந்த மரம் தன் ஈரத்தை எளிதில் விடாது. ஆகவே இலகுவான விறகுகளைவிட இதற்கு இந்த எச்சரிக்கை அதிகமாகப் பொருந்தும்.

மணத்தைப் பற்றிய கீர்த்தி

ஆப்பிள் விறகின் புகழில் பெரும்பங்கு அதன் வாசனையைப் பற்றியது. கணப்பில் இட்டால் அறையெங்கும் பழமணம் கமழும் என்ற நம்பிக்கை ஐரோப்பிய நாடுகளில் பரவலாக உண்டு. பழத்தின் மணத்துக்குக் காரணமானவை எஸ்டர் என்னும் எளிதில் ஆவியாகும் பொருள்கள். பழம் முதிரும்போது அதன் தோலிலும் சதையிலும் உண்டாகும் அவை மரக்கட்டையில் இல்லை. விறகின் மணம் வேறொரு வழியில் பிறக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் தீயில் சிதையும்போது குவையகால், சிரிங்கால் முதலிய பீனால் வகைகள் வெளிப்படுகின்றன. ஊசியிலை மரங்களின் லிக்னின் பெரும்பாலும் முதல் வகையையே தர, அகன்ற இலை மரங்கள் இரண்டையும் தருகின்றன. பிசினின் காரநெடியும் அவற்றில் இல்லை. ஆப்பிள் மரத்தின் புகை இதமாக இருப்பதற்குச் சாஸ்திரம் கூறும் விளக்கம் இது. உலராத ஆப்பிள் விறகின் புகை வேறெந்த ஈர விறகின் புகையையும் போலவே கசப்பானது.

சமையற்காரர்கள் இந்த இதத்தை அறிந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில், முக்கியமாக விஸ்கான்சின் போன்ற வடமாநிலங்களில், உப்பிட்ட பன்றியிறைச்சியை ஆப்பிள் கட்டையின் மெதுவான புகையில் பல மணி நேரம் பதப்படுத்தும் தொழில் பேர் பெற்றது. ஹிக்கரி மரத்தின் காரமான புகை மாட்டிறைச்சிக்கு ஏற்றது, ஆப்பிளின் மென்மையான புகை கோழிக்கும் மீனுக்கும் பன்றியிறைச்சிக்கும் ஏற்றது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட நிர்ணயம். இதில் பொருளாதாரமும் அடங்கியிருக்கிறது. ஒரு வீட்டைக் குளிர்காலம் முழுவதும் சூடாக்க வண்டி வண்டியாக விறகு வேண்டும். இறைச்சிக்கு மணமூட்டக் கையளவு துண்டுகளே போதும். அரிதாகக் கிடைக்கும் ஒரு பொருள் எங்கே குறைந்த அளவில் அதிகப் பயன் தருகிறதோ அங்கே சென்று சேர்வதுதான் நியாயம்.

தோட்டம் தரும் விறகு

ஆப்பிளை விறகுக்காக எவரும் பயிரிடுவதில்லை. நம் நாட்டுக் கடற்கரை மணலில் சவுக்கை விறகுக்கென்றே நட்டு, சில ஆண்டுகளில் ஒருசேர வெட்டி விற்கிறார்கள்; அது ஒரு பயிர், அதன் விளைச்சலை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆப்பிள் விறகோ மூன்று சந்தர்ப்பங்களில் மட்டுமே கிடைக்கும் உபபொருள். முதலாவது, இலையுதிர்ந்து மரம் உறங்கும் குளிர்காலத்தில் செய்யும் கவாத்து. இது ஆண்டுதோறும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் விரல் பருமனுள்ள சுள்ளியாகவே கிடைக்கும். இரண்டாவது, பனியும் புயலும் முறித்துப்போடும் கிளைகள். மூன்றாவது, காய்ப்பு ஓய்ந்த கிழமரங்களை வேரோடு பெயர்த்துவிட்டுப் புதுக்கன்று நடும் காலம். பருத்த கட்டைகள் தாராளமாகக் கிடைப்பது அப்போது மட்டுமே, அதுவும் ஒரு தோட்டக்காரரின் ஆயுளில் ஒருமுறை வாய்த்தால் அதிகம்.

அவ்வாறு கிடைக்கும் மரமும் முழுவதும் அடுப்புக்கே போனதில்லை. அடர்த்தியும் நுண்ணிய இழையும் உள்ள இந்த மரத்தைக் கைக்கருவிகளுக்கு ஏற்றதாகக் கண்ட தச்சர்கள் கொட்டாப்புளிகளும் பிடிகளும் செய்தார்கள். மாவாலைகளின் சக்கரப் பற்களாகவும் அது உழைத்தது. பிலடெல்பியாவில் ஹென்றி டிஸ்டன் நிறுவிய புகழ்பெற்ற ரம்பத் தொழிற்சாலை தன் கைரம்பங்கள் பலவற்றுக்கு ஆப்பிள் மரப் பிடி போட்டது. கருவிக்கு ஆகும் கட்டையைக் கருவிக்கு ஒதுக்கி, மீந்த கோணல் கட்டையையும் சுள்ளியையும் அடுப்புக்கு அனுப்பிய பழைய குடியானவர்களின் சிக்கனம் மெச்சத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் தோட்டத்தின் அமைப்பே மாறிவிட்டது. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் 1913-இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில், ரொனால்ட் ஹாட்டன் என்பவர், ஒட்டுக்கட்டுவதற்கு ஐரோப்பாவெங்கும் குழப்பமான பெயர்களில் வழங்கிவந்த வேர்ச்செடிகளைத் தரம் பிரித்து எண்ணிட்டு ஒழுங்குபடுத்தினார். அவற்றுள் ஒன்பதாம் எண் பெற்ற குட்டை வேர்ச்செடி உலகத்து ஆப்பிள் தோட்டங்களின் முகத்தையே மாற்றியது. பழைய முறையில் ஒரு ஹெக்டேருக்கு நூறு முதல் முந்நூறு வரை பெருமரங்கள் நின்றன. அவை காய்க்க ஏழெட்டு ஆண்டு பிடித்தாலும் ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தன. புதிய முறையில் அதே நிலத்தில் மூவாயிரம் வரை ஒல்லிக் கன்றுகள் கம்பிப் பந்தலில் சாய்ந்து நின்று, இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே காய்த்து, இருபது ஆண்டுக்குள் ஓய்ந்துவிடுகின்றன. கைப்பிடி பருமனுள்ள அந்தத் தண்டுகளிலிருந்து விறகென்று சொல்லும்படியாக அதிகம் கிடைப்பதில்லை. பதினெட்டாயிரம் ஹெக்டேர் அளவுக்கு ஆப்பிள் பயிராகும் இத்தாலியின் தென் டிரோல் பள்ளத்தாக்குகளில், கவாத்துச் சுள்ளியை வரிசைகளுக்கிடையே பரப்பி இயந்திரத்தால் நொறுக்கி மண்ணுக்கே உரமாக்கிவிடுகிறார்கள். இன்று உலகில் தாராளமாகக் கிடைக்கும் ஆப்பிள் விறகு, பெரும்பாலும், அழிந்துவரும் ஒரு பழைய தோட்ட முறையின் மிச்சமே.

காஷ்மீரத்துக் குளிர்காலம்

இந்த விஷயத்தை இந்தியாவில் கண்கூடாகக் காண வேண்டுமானால் காஷ்மீரத்துக்குத்தான் போக வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டன் ஆப்பிள் விளைவித்து, இந்திய நாட்டின் விளைச்சலில் பெரும்பகுதியைத் தருவது அந்தப் பிரதேசம். சோபூர், ஷோப்பியான், புல்வாமா வட்டாரங்களில் ஊரே தோட்டத்துக்குள் இருப்பதுபோல் தோன்றும். டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கி 40 நாள் நீடிக்கும் கடுங்குளிரை அம்மக்கள் 'சில்லை கலான்' என்பார்கள். அந்நாட்களில் தால் ஏரியின் மேற்பரப்பு உறைவதுண்டு. மின்சாரம் தடைபடும்போதும், மலைப்பாதை மூடி எரிவாயு வராமல் நிற்கும்போதும், வீட்டைக் காப்பது விறகும் கரியுமே. 'புகாரி' என்னும் இரும்புக் கணப்பிலும், தரைக்கடியில் தீமூட்டிக் கல்தளத்தைச் சூடாக்கும் 'ஹமாம்' அறையிலும், கல்யாண விருந்தான 'வாஸ்வான்' சமைக்க முற்றத்தில் மூட்டும் நீண்ட அடுப்பிலும் பழமரக் கட்டைகளுக்குச் சிறப்பிடம் உண்டு. ஆட்டிறைச்சியைச் செப்புப் பாத்திரங்களில் மணிக்கணக்காக ஒரே சீரான சூட்டில் வேகவைக்க வேண்டிய வாஸா என்னும் சமையற்காரருக்கு, தாவி எரியும் தீயைவிட நிதானமாகக் கனலும் தணலே தேவை. ஆப்பிள், வாதுமை போன்ற மரங்கள் அதைத் தருகின்றன.

கவாத்துச் சுள்ளிக்கு அங்கே கிடைத்திருக்கும் உபயோகம் இன்னும் விசேஷமானது. இலையுதிர்காலத்தில் பெண்கள் சருகையும் சுள்ளியையும் குவித்துத் தீயிட்டு, ஜ்வாலை அடங்கும் தறுவாயில் தண்ணீர் தெளித்து அணைத்து, மிஞ்சிய கரியைச் சேமிக்கிறார்கள். அந்தக் கரியே 'காங்கிரி'க்கு ஆகாரம். காங்கிரி என்பது வளாரால் முடைந்த கூடைக்குள் பொதிந்த ஒரு சிறு மண்கலம். அதன் அடியில் கரித்தூளை நிரப்பி, மேலே அடுப்பிலிருந்து எடுத்த சில கங்குகளை வைத்து, சாம்பலால் மெல்ல மூடி, 'பெரன்' என்னும் நீண்ட அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடமாடுவார்கள். சூடு குறைந்தால் கூடையில் கட்டித் தொங்கும் சிறு கரண்டியால் சாம்பலைக் கிளறிவிட்டால் கங்கு மறுபடி கண்விழிக்கும். முழு அறையையும் சூடாக்க விறகில்லாத ஏழை ஒருவர் தம் உடம்பை மட்டும் சூடாக்கிக்கொள்ள, விறகாகாத சுள்ளியைக் கொண்டே வழி கண்டிருப்பதை எண்ணும்போது, அந்த மக்களின் மதியூகத்தை வியக்காமல் இருக்க முடியாது.

இயற்கையின் சீற்றமும் அங்கே விறகைக் குவித்ததுண்டு. 2019 நவம்பர் 7-ஆம் தேதி, இலைகள் இன்னும் உதிராதிருந்த காலத்தில், முன்கூட்டியே பெய்த கடும்பனி தோட்டங்களைச் சிதைத்துவிட்டது. இலையற்ற கிளையில் பனி நிற்காமல் வழுகிவிடும். இலையடர்ந்த கிளையில் அது தங்கிக் கனத்து, கவட்டையிலேயே மரத்தை இரண்டாகப் பிளந்துவிடும். இருபது முப்பது ஆண்டு வளர்த்த மரங்கள் ஒரே இரவில் முறிந்து கிடந்ததைக் கண்ட தோட்டக்காரர்களுக்கு அந்த விறகு லாபமாகத் தோன்றியிருக்க முடியாது. ஒரு மரம் தரும் விறகின் விலை எவ்வளவு உயர்ந்தாலும், அது தந்திருக்கக்கூடிய பழத்தின் விலைக்கு ஈடாகாது. விறகு மலிந்த ஆண்டு தோட்டத்துக்குப் பொல்லாத ஆண்டு என்பதே உண்மை.

அண்டையிலுள்ள ஹிமாசலத்தின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கர், பிற்காலத்தில் சத்தியானந்தர் என்று பெயர் பூண்டவர், கோட்கட் மலைச்சரிவில் 'டெலிஷியஸ்' இனத்து ஆப்பிளை நட்டுப் பரப்பியதிலிருந்து அந்த நாட்டின் பொருளாதாரமே மாறியது. ஆனால் பழத்தை அனுப்பும் பெட்டிகளுக்காக ஃபர், ஸ்ப்ரூஸ் மரங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பிறகே அட்டைப் பெட்டிகள் வந்து காட்டைக் காத்தன. தோட்டம் காட்டை விழுங்கவும் கூடும், காட்டின் பாரத்தைக் குறைக்கவும் கூடும். தோட்டத்தின் சொந்தச் சுள்ளியும் கட்டையும் அதன் உடையவர் வீட்டு அடுப்பை ஓரளவாவது எரித்தால், மலைமேல் ஏறித் தலைச்சுமையாக விறகு கொண்டுவரும் பெண்களின் சிரமமும், தேவதாரு, ஓக் மரங்களின் நாசமும் அந்த அளவுக்குக் குறையும்.

மறைந்திருக்கும் தீங்குகள்

இனி இந்த விறகின் குறைகளையும் பாரபட்சமின்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து மரம் காட்டு மரத்தைப் போல் மருந்து காணாதது அன்று. அமெரிக்காவில் 1892 முதல் வழக்கத்துக்கு வந்த ஈய ஆர்சினேட் என்னும் கொடிய பூச்சிமருந்தை, பழத்தைத் துளைக்கும் புழுவை ஒழிப்பதற்காக, டி.டி.டி. என்னும் புதிய பூச்சிமருந்து வரும்வரையில் ஐம்பது ஆண்டுக்கு மேலாக ஆப்பிள் தோட்டங்களில் தெளித்தார்கள்; 1988-இல்தான் அதன் உபயோகம் அங்கே சட்டப்படி முற்றிலும் தடைசெய்யப்பட்டது. ஈயத்தையும் ஆர்சனிக்கையும் நெருப்பு அழிப்பதில்லை. அவை சாம்பலில் திரளும் அல்லது புகையோடு போகும். அந்தக் காலத்துப் பழந்தோட்டத்தின் பட்டையோடு கூடிய கட்டையைச் சமையலுக்கும் இறைச்சி புகையூட்டவும் உபயோகிக்காமல் இருப்பதும், அதன் சாம்பலைக் கீரைப்பாத்தியில் தூவாமல் இருப்பதும் விவேகம். மருந்து படாத மரத்தின் சாம்பலோ சுண்ணமும் பொட்டாசும் நிறைந்த நல்ல எரு. அதை அளவோடு தோட்டத்துக்கே திருப்பிக் கொடுக்கலாம்.

நோயுற்ற மரத்தின் விஷயமும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கில் முதலில் கவனிக்கப்பட்டு, 1957-இல் இங்கிலாந்தையும் எட்டிய 'தீக்கருகல்' என்னும் பாக்டீரிய நோய், கிளைகளை நெருப்பில் காட்டியதுபோல் கருக்கிவிடுகிறது. அத்தகைய கிளைகளை வெட்டித் தோட்டத்திலிருந்து அகற்றி உடனே எரிப்பதே பரிகாரம் என்று நூல்கள் விதிக்கின்றன. விறகாக உலரட்டும் என்று மரங்களுக்கு அருகிலேயே மாதக்கணக்கில் அடுக்கி வைப்பது நோய்க்கும் துளைப்பான் புழுவுக்கும் விருந்து வைப்பதாகும். எரிப்பது கடமையாகும் சந்தர்ப்பமும், உலர்த்தி வைப்பது சிக்கனமாகும் சந்தர்ப்பமும் வெவ்வேறானவை என்பதைத் தோட்டக்காரர் பகுத்தறிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது மனிதர் சுவாசத்துக்கு நேரும் கேடு. மணமுள்ள புகை தீங்கற்ற புகை அன்று. அதிலும் நுண்துகள்கள் உண்டு, மூடிய அறையில் கனலும் எந்தக் கரியும் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற விஷவாயுவை வெளியிடும். மலைகளால் சூழப்பட்ட ஸ்ரீநகரில் குளிர்காலக் காற்று அசையாமல் தேங்கும்போது, கரிக்காக எரிக்கும் சருகும் சுள்ளியும் நகரத்தின் மேலே புகைப் படலமாக நிற்கின்றன. காங்கிரியை ஆயுள் முழுவதும் வயிற்றோடும் தொடையோடும் அணைப்பதால் அவ்விடத்துத் தோலில் புற்றுநோய் உண்டாவதை 1866-ஆம் ஆண்டிலேயே டாக்டர் எல்ம்ஸ்லி என்னும் மிஷனரி வைத்தியர் எழுதி வைத்தார். இவற்றைச் சொல்வது அந்த மக்களைக் குறை கூறுவதற்காக அன்று. வேறு வழி கொடுக்காமல் அவர்களைப் புகைக்குள் விட்டுவைப்பது நாட்டுக்கு அழகல்ல என்பதற்காகவே.

காட்டு ஆப்பிளும் கிழமரமும்

ஆப்பிள் மரத்தின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் தியான்ஷான் மலைச்சாரல். 1929-இல் ருஷ்ய விஞ்ஞானி நிக்கலாய் வாவிலோவ் இன்றைய கஜகஸ்தானத்தின் அல்மாட்டி நகரை ஒட்டிய சரிவுகளில் காட்டு ஆப்பிள் மரங்கள் மண்டி நிற்கக் கண்டு, இதுவே அதன் தாயகம் என்று கூறினார். மரபணு ஆராய்ச்சி பிற்காலத்தில் அதை மெய்ப்பித்தது. அந்தக் காடுகளின் பெரும்பகுதி நகர விஸ்தரிப்புக்கும் மேய்ச்சலுக்கும் பலியாகிவிட்டது. சோவியத் ஆட்சி கலைந்து நிலக்கரி வரவு நின்றபோது, கிர்கிஸ்தானத்தின் அக்ரூட், ஆப்பிள் காடுகளில் விறகு வெட்டும் அதிகரித்தது. தோட்டத்தில் ஒரு கிழமரத்தை வெட்டினால், அதே இனத்தை மறுநாள் ஒட்டுக்கட்டிவிடலாம். காட்டு மரம் ஒவ்வொன்றும் விதையிலிருந்து முளைத்த தனிப்பிறவி. நோயெதிர்ப்பும் குளிர்தாங்கும் சக்தியும் அதன் வித்தில் எந்த விதமாகக் கலந்துள்ளன என்பது அதை அழித்த பிறகு தெரியப்போவதில்லை. தோட்டத்தில் சிக்கனமாகும் செயலே அந்தக் காட்டில் மகாபாதகமாகிவிடுகிறது.

தோட்டத்துக் கிழமரத்தையும் அவசரப்பட்டுக் கோடாலிக்கு இரையாக்குவது தகாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1900-ஆம் ஆண்டுக்குப் பின் பாரம்பரியத் தோட்டங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மறைந்துவிட்டன என்று அங்குள்ள பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான நேஷனல் டிரஸ்ட் கணக்கிட்டிருக்கிறது. எஞ்சியவற்றின் பொந்து விழுந்த முதுமரங்களிலேதான், உள்ளே உளுத்த மரத்தூளைத் தின்று வளரும், 'நோபிள் சேஃபர்' எனப்படும் பொன்பச்சை வண்டு ஜீவிக்கிறது; மரங்கொத்தியும் ஆந்தையும் அங்கேயே குடியிருக்கின்றன. அந்நாட்டார் 2007-இல் இத்தோட்டங்களைக் காக்கப்பட வேண்டிய வாழிடங்களின் வரிசையில் சேர்த்தார்கள். விறகாகவும் நல்லதில்லாத அந்த உளுத்த மரத்தை நிற்கவிடுவதில் தோட்டக்காரருக்கு நஷ்டம் மிகக் குறைவு. உலகுக்கு லாபம் மிகுதி.

நிர்ணயம்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால், ஆப்பிள் மரம் முதல்தரமான விறகு என்பதில் சந்தேகமில்லை. அடர்த்தியாலும் தணலின் நீடிப்பாலும் புகையின் இதத்தாலும் அந்தப் பெயருக்கு அது தகுதியுள்ளதே. ஆனால் விறகுக்காக அதை நம்பியிருக்க எந்த நாட்டாலும் முடியாது. அது பழத்தின் பின்னால் வரும் விளைவு. தோட்டம் செழித்தால் ஆண்டுக்குச் சிறிதளவு சுள்ளி, தோட்டம் அழிந்தால் ஒரு தடவை பெருங்குவியல் என்பதே அதன் கணக்கு. கனமான கட்டையைப் பசுமையில் பிளந்து, இரண்டு கோடை காயவைத்து, சீரான புகைபோக்கியுள்ள அடுப்பில் எரிப்பவரே அதன் முழுப் பயனைப் பெறுகிறார். நோயுற்றதை உடனே எரித்து, நஞ்சு தெளித்ததைச் சமையலிலிருந்து விலக்கி, கருவிக்கு ஆவதைத் தச்சருக்கு அளித்து, காட்டு மரத்தைத் தொடாமல் விட்டு, கிழமரங்களில் சிலவற்றை வண்டுக்கும் பறவைக்கும் ஒதுக்கிய பிறகு எஞ்சுவதே அடுப்புக்கு உரிய பங்கு.

காஷ்மீரத்தில் இன்று பழைய பெருமரங்களைப் பெயர்த்துவிட்டு அடர் நடவுத் தோட்டங்கள் போடும் முயற்சி அரசின் உதவியோடு நடந்து வருகிறது. அந்த மாற்றம் முடியும்வரை சில ஆண்டுகளுக்கு ஆப்பிள் கட்டை தாராளமாகக் கிடைக்கும். அதன்பின் கம்பிப் பந்தலில் நிற்கும் ஒல்லிக் கன்றுகள் அந்தக் குளிரைத் தாங்க உதவப்போவதில்லை. கட்டை கைவசம் இருக்கும் இந்த இடைக்காலத்திலேயே, வீடுகளுக்குக் குளிர் புகாத சுவரும் கூரையும், குறைந்த விறகில் அதிகச் சூடு தரும் நல்ல கணப்பும், தடையற்ற மின்சாரமும் கிடைக்கச் செய்வது ஆட்சியாளரின் பொறுப்பு. தோட்டத்தின் வருமானத்தைப் பெருக்கும் திட்டத்தில் தோட்டக்காரர் வீட்டுக் குளிரும் ஒரு கணக்காகச் சேர்க்கப்பட வேண்டும். அந்தக் கணக்கை விட்டுவிட்டால், இதுவரை தோட்டம் தாங்கிய பாரம் முழுவதும் மலைமேல் நிற்கும் தேவதாருவின் தலையில்தான் போய் விழும்.